சாம்பல் சேவலும் மலையேரி மீன்களும்

தூண்டில் முள்ளின் மேல் நூலும் இறகும் சுற்றி, உண்மைப் பூச்சி என்று மீனை நம்பவைக்கும் பொய்ப்பூச்சியைக் கட்டுவது எங்கள் தொழில். அதை உண்மைத் தொழில் என்று மனிதர்களை நம்பவைப்பதுதான் இன்னும் கைகூடவில்லை.

மலையேரிகளில் ட்ரவுட் என்றொரு குளிர்நீர் மீன் வாழ்கிறது. ஓடும் ஆற்றில் இருக்கும் ட்ரவுட், வந்ததைக் கவ்வாவிட்டால் இரை போய்விடும் என்று அவசரப்படும். ஏரியில் இருப்பதற்கு அந்த அவசரம் இல்லை. இரையைச் சுற்றி வந்து, கூர்ந்து பார்த்து, ஐயம் தோன்றினால் திரும்பிப் போய்விடும். செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் விலங்கியல் கற்பித்து, பிறர் விடைத்தாள்களை ஆயுள் முழுவதும் திருத்திய நான், ஓய்வுபெற்ற பிறகு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரைச் சாலையை ஒட்டிய என் வீட்டின் முன்னறையில் அமர்ந்து அந்த மீனுக்கு விடைத்தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மின்விசிறியைப் போட்டால் பொருள் பறந்துவிடுமே என்று சித்திரை வெயிலில் வியர்த்தபடி நுண்ணிய கைவேலை செய்யும் அன்பர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகவே சில இடங்களில் விளக்கியிருக்கிறேன்.

கொசு மட்டை

எதிர்வீட்டு விசாலம் திருநெல்வேலிக்காரர். அவருடைய கணவருக்கு அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை. ஒரு மாலை, வாங்கிச் சென்ற பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவரை முன்னறையில் அமரச் சொல்லிவிட்டுக் காப்பி கலக்கச் சென்றேன். சன்னலோரத்துத் தக்கைப் பலகையில், பசை காய்வதற்காகப் பூச்சிகளை வரிசையாகக் குத்தி வைத்திருந்தேன். அடுப்படியில் நின்றபோது, முன்னறையிலிருந்து தட்டையான ஓர் ஒலி, சீரான இடைவெளியில், கேட்டுக்கொண்டே இருந்தது.

காப்பியுடன் திரும்பினேன். மூலையில் மாட்டியிருந்த மின்சாரக் கொசு மட்டையை எடுத்துக்கொண்டு, விசாலம் இடமிருந்து வலமாக, ஒன்றையும் விட்டுவிடாமல் அடித்துக்கொண்டிருந்தார். இரண்டு வரிசைகள் நசுங்கிவிட்டிருந்தன. வகுப்பறையில் பயன்படுத்திய குரலில், அவை நானே செய்தவை என்று தெரிவித்தேன். அவர் வருந்தியதாகத் தெரியவில்லை, நிம்மதியடைந்தவராக மட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதானே பாத்தேன், ஒண்ணுகூட பொரியலியே டீச்சர். சார்ஜ் போட மறந்துட்டியளோன்னுல்லா நெனச்சேன்."

சிறுசேரி வண்டி

என்னுடன் சேர்ந்து பூச்சி கட்டுபவர் அமுதா. எங்கள் தெருவின் கோடியில் வசிக்கிறார். மகளின் பள்ளிச் சேர்க்கை குறித்துக் கேட்க வந்தவர், பேசிக்கொண்டே என் மேசையிலிருந்த நூலை எடுத்து முள்ளில் சுற்றிப் பார்த்தார். நூலின் இறுக்கம் அவருக்கு முதல் நாளே அமைந்துவிட்டது. நான் திருத்த வேண்டியிருந்தது, கத்தரிக்கோலைக் கண்ட இடத்தில் வைக்கும் பழக்கத்தை மட்டுமே. ஆனால் ஞாயிறு பிற்பகல்களில்தான் அவரால் வர முடியும். மற்ற நாட்களில் சிறுசேரியில் ஒரு கணினி அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை; விடியலில் தெருமுனைக்கு வரும் வண்டியில் சென்று இரவில் திரும்புவார். அவருடைய கணவர் செல்வம் இருசக்கர வாகன விபத்தில் கால் முறிந்து, அண்மையில்தான் ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்தார். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவதும் உணவு ஊட்டுவதும் அவர்தாம்.

மலையில் ஏரிக்கரை விடுதி ஒன்றை நடத்தும் பெஞ்சமின், என்னுடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவரின் மகன். தூண்டிலோடு வரும் விருந்தினர்களுக்கு ஆண்டு முழுவதும் தேவைப்படும் பூச்சிகளைக் கட்டும் வேலையை அமுதாவுக்கே தந்துவிட அவர் முன்வந்தார். ஒரு நிபந்தனை உண்டு. மாலையில் காற்று அடங்கியதும் அவருடைய ஏரியின் நீர்ப்பரப்பில் சாம்பல் நிறப் பூச்சி ஒன்று வந்து அமருமாம். அதைப்போல் ஒன்று கட்டித் தர வேண்டும். அதை மீன் கவ்வ வேண்டும். கவ்வினால் அமுதா சிறுசேரி வண்டியில் ஏறத் தேவையில்லை. இதை நான் எடுத்துச் சொன்னபோது, கையிலிருந்த முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சொன்னார்: "வண்டிக்காரன் ஆரன் அடிக்கச்சொல்ல எம் பொண்ணு தூங்கினு இருப்பா டீச்சர், நான் வூட்டுக்கு வரச்சொல்லவும் தூங்கினு இருப்பா. அவ முழிச்சிகினு கீறத பாக்கணும்னா நான் ஞாயித்துக்கெழம வரிக்கும் காத்துகினு இருக்கணும்."

சாப்பாட்டு டப்பா

அன்றிலிருந்து அமுதா, மதிய இடைவேளையில் பழகிப் பார்ப்பதற்காகச் சிறிதளவு வேலையை அலுவலகத்துக்கும் எடுத்துச் சென்றார். முள்ளும் இறகும் நசுங்காமல் இருக்க அவர் தேர்ந்தெடுத்த பெட்டி, வீட்டில் மிச்சமிருந்த எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா. வாயிலில் பைகளைச் சோதிக்கும் காவலாளி அதைத் திறந்து பார்த்திருக்கிறார். சிறகும் வாலுமாக உள்ளே ஒரு கூட்டம் அமர்ந்திருந்தது. அமுதா தொழிலைப் பற்றி விரிவாக விளக்கினாராம். பின்னால் நின்றவர்கள் பொறுமையிழந்து நகர்ந்து, தாங்களும் எட்டிப் பார்த்தார்களாம். காவலாளி முழுவதையும் கேட்டுவிட்டு, மூடியை மிகுந்த மரியாதையுடன் அழுத்தி மூடித் திருப்பிக் கொடுத்தாராம்: "கேன்டீன்லயே ஒண்ணு ரெண்டு போட்டுத்தான் குடுக்கறான், நீ இன்னாத்துக்குக்கா வூட்லருந்து எடுத்தாந்துகினு கீற?"

மிதக்காத பூச்சி

நீர்ப்பரப்பின் மேல் நிற்கும் பூச்சிக்குச் சேவலின் கழுத்து இறகே தேவை. அதை முள்ளைச் சுற்றிச் சுற்றினால் அதன் இழைகள் குடைக்கம்பிகளைப்போல் விரியும். அவற்றின் நுனிகளே பூச்சியைத் தாங்கும் கால்கள். கறிக்கடைக் கோழியின் இறகு பஞ்சைப்போல் நீரைக் குடித்துவிடுகிறது. நாட்டுச் சேவலைத் தேடிக் கருங்குழி வரை சென்றோம். அங்கு சிவப்பு கிடைத்தது, கறுப்பு கிடைத்தது, சாம்பல் கிடைக்கவில்லை. கிடைத்த இறகுகளையும் பிடுங்குவதற்காக வெந்நீரில் முக்கி வளைத்து வைத்திருந்தார்கள்.

ஒரு காலை, வாசற்படியில் தண்ணீர் நிரம்பிய அகன்ற தாம்பாளத்தை வைத்து, கட்டியவற்றை ஒவ்வொன்றாக மிதக்கவிட்டேன். அவை ஒவ்வொன்றாக மூழ்கின. விசாலத்துக்கு மீன் கொடுக்க வந்த ஏழுமலை, கூடையை இறக்கி வைத்துவிட்டு இந்தத் தோல்வியை அக்கறையுடன் பார்த்துக்கொண்டிருந்தார். கடலில் வலை வீசுபவர் அவர். இத்தனை பாடுபட்டுப் பிடிக்கும் மீன் எவ்வளவு எடை இருக்கும் என்று கேட்டார். ஒரு கிலோ இருந்தால் பெரிது என்றேன். என்ன விலைக்குப் போகும் என்றார். விற்பதில்லை, உண்பதும் பெரும்பாலும் இல்லை, படம் எடுத்துக்கொண்டு மறுபடியும் நீரிலேயே விட்டுவிடுவார்கள் என்றேன். என் வயதுக்கு மதிப்புக் கொடுத்துச் சற்று நேரம் யோசித்தார். பிறகு கூடையைத் தலைக்கு ஏற்றியபடி சொன்னார்: "அதுக்கு தூண்டி எதுக்கு, பூச்சி எதுக்கு டீச்சரம்மா? அந்த மீனாண்ட போன் நம்பர் வாங்கிக்கினா, வர்ற ஞாயித்துக்கெழம வந்து போட்டோவுக்கு நின்னுட்டுப் போவப் போவுது."

சேவல் பார்க்கச் சென்றது

சாம்பல் சேவல் ஒன்று அமுதாவின் மாமியார் கன்னியம்மாள் வீட்டில் இருப்பதாகச் செல்வம் நினைவுபடுத்தினார். செய்யூரைத் தாண்டி, சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே அந்த ஊர். பழமும் பூவும் வாங்கிக்கொண்டு நானும் அமுதாவும் பேருந்தில் சென்றோம். பெண் பார்க்கச் செல்பவர்கள்கூட நான் அன்று அந்தச் சேவலைப் பார்த்ததைப்போல் பார்த்திருக்க மாட்டார்கள். மழைக்கு முந்தைய மேகத்தின் நிறம். கழுத்தில் நீண்டு, ஒடுங்கி, விறைத்து நிற்கும் இறகுகள். வெயிலில் அது தலையைத் திருப்பியபோது அமுதா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

கொல்ல வேண்டாம், கழுத்தில் சிறிதளவு இறகு எடுத்துக்கொண்டால் போதும், அது மீண்டும் முளைத்துவிடும் என்று நான் முறைப்படி விளக்கினேன். கன்னியம்மாள் வேர்க்கடலையை உரித்துக்கொண்டே கேட்டார். மகனுக்குக் கால் முறிந்தபோது, அவன் ஊன்றி நடந்தால் ஆடித் திருவிழாவில் அம்மனுக்கு இந்தச் சேவலைத் தருவதாக வேண்டிக்கொண்டு நேர்ந்துவிட்டிருந்தார். மகன் நடக்கிறான். நேர்ந்துவிட்ட உயிருக்கு ஊனம் இருக்கக் கூடாது. மருமகளின் வேலை இதில்தான் அடங்கியிருக்கிறது என்று நான் சொன்னதும் அவர் உரிப்பதை நிறுத்தினார். அமுதாவை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்: "அவளுக்கு வேல வேணுந்தான், நான் இல்லேங்கல. ஆனா ஒத்த எறகு கொறஞ்சாலும் ஆத்தா எண்ணிப் பாப்பா டீச்சரம்மா. உன் கிளாஸ்ல நீ எண்ணுன மாரி இல்ல, அவ எண்றது வேற."

தலை கலைந்த மாப்பிள்ளை

ஆடி பிறந்ததும் கன்னியம்மாளிடமிருந்து அமுதாவுக்குத் தொலைபேசி வந்தது. சேவலின் கழுத்து இறகுகள் கொட்டிக்கொண்டிருந்தன. உங்கள் டீச்சரம்மா ஆளை அனுப்பிப் பிடுங்கிவிட்டாரா என்று நேராகவே கேட்டார். அமுதா அழுதுவிட்டார். வேலை கிடைக்காதது போக, மாமியாரின் வேண்டுதலைக் கெடுத்தவள் என்ற பெயரும் வரவிருந்தது. நான் தொலைபேசியை வாங்கினேன். பறவைகள் ஆண்டுக்கொருமுறை பழைய இறகை உதிர்க்கும் என்பதையும், அது பெரும்பாலும் தலையிலும் கழுத்திலும் தொடங்கும் என்பதையும், அவ்வாண்டின் வெயில் அதைச் சற்று முன்னதாகவே வரவழைத்திருக்கலாம் என்பதையும் கூறினேன். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம், கூடையைக் கவிழ்த்து அருகில் உட்கார்ந்து நீங்களே பாருங்கள் என்றேன். அவர் உட்கார்ந்தார். அவர் கண்ணெதிரிலேயே சேவல் உடலைச் சிலுப்பியது, இறகுகள் விழுந்தன.

இருந்தாலும் வேண்டியது வேண்டியதுதான் என்று திருவிழாவுக்கு அதைத் தூக்கிச் சென்றிருக்கிறார். கூழ் ஊற்றும் கூட்டத்துக்கு நடுவே பூசாரி அதை வாங்கி, கழுத்தைத் தடவி, திருப்பிக் கையில் கொடுத்துவிட்டார். கன்னியம்மாள் தம் தம்பி வீட்டிலிருந்து ஒரு சிவப்புச் சேவலைக் கொண்டுவந்து அன்றே வேண்டுதலை முடித்தார். பூசாரி சொன்னதை அவரே என்னிடம் தொலைபேசியில், சிரிக்காமல், ஒப்பித்தார்: "கல்யாணத்தன்னிக்கு மொட்ட அடிச்சிகினு வந்து நிக்கற மாப்ள மாரி கீது, இத போயி ஆத்தா முன்னால நிக்க வெக்கச் சொல்றியே, உனக்கே நல்லா கீதா?"

மஞ்சள்

அந்த வார ஞாயிறன்றே கன்னியம்மாள் பேருந்தேறி என் வீட்டுக்கு வந்தார். மடியிலிருந்து துணி மூட்டையை எடுத்து மேசை மேல் வைத்தார். உதிர்ந்த இறகுகள் அனைத்தையும் பொறுக்கி வைத்திருந்தார். அம்மனுக்கென்று விட்டதன் இறகு காலில் மிதிபடக் கூடாது. குப்பையிலும் போகக் கூடாது. ஆகவே அவற்றை முறைப்படி மஞ்சள் நீரில் அலசி, ஊறவைத்து, நிழலில் உலர்த்தி எடுத்து வந்திருந்தார்.

மூட்டையை அவிழ்த்ததும் அமுதாவின் முகம் மாறிவிட்டது. மேகத்தின் சாம்பல் நிறம் எங்கும் இல்லை. சாம்பலும் மஞ்சளும் கலந்து, மழைக்குப் பின் குளத்தோரத்தில் படரும் பாசியின் மங்கிய பச்சை மட்டுமே இருந்தது. அலசிப் பார்த்தால் போய்விடுமா என்று அவர் கண்ணாலேயே கேட்டார். போகாது என்று நானும் கண்ணாலேயே சொன்னேன். சேவலுக்கு அடுத்த இறகு முளைத்து முதிர்வதற்குள் மலையில் அந்தப் பூச்சியின் பருவம் முடிந்துவிடும். நிறம் கெட்டதை நாங்கள் இருவரும் கன்னியம்மாளிடம் காட்டிக்கொள்ளவில்லை. மோர் கொடுத்தேன். இதைத் தர எப்படி மனம் வந்தது என்று மட்டும் கேட்டேன். மோரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்: "ஆத்தாளுக்கு வெச்ச பொருள எப்டியும் தண்ணிலதான் வுடணும். நீ அத மல மேல கீற தண்ணில வுடப் போற. எனக்கு பஸ் சார்ஜ் மிச்சம்."

அனுப்புவதற்கு முன்

அடுத்த ஞாயிறு அமுதா அந்தப் பச்சை இறகுகளையே கட்டினார். வேறு வழி இல்லை. உடலுக்கு மெல்லிய நூல், வாலுக்கு மூன்று இழை, முன்புறம் இறகுச் சுற்று. தாம்பாளத்தில் விட்டோம். நின்றது. விரலால் அமுக்கினேன்; எழுந்து மீண்டும் நின்றது. நிறம் தவிர அதில் நான் திருத்த ஒன்றுமில்லை.

பெஞ்சமினுக்குப் பொட்டலம் கட்டும்போது எங்களுக்குள் முதல் கருத்து வேறுபாடு தோன்றியது. கேட்ட நிறம் இதுவன்று என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும் என்றேன். சிறுசேரி வண்டியின் அடுத்த மாதத்துக்கான பயண அட்டையை அமுதா அன்று காலைதான் வாங்கியிருந்தார். நான் பெஞ்சமினை அழைத்து, சாம்பல் அல்ல, மங்கிய பச்சை என்று தெளிவாகச் சொன்னேன். அனுப்பி வையுங்கள் ஆன்ட்டி, பார்ப்போம் என்றார், ஆர்வமில்லாமல். நான் தொலைபேசியை வைத்த பிறகு அமுதா நூல்கண்டுகளை அடுக்கியபடி, தணிந்த குரலில் சொன்னார்: "வேணாம்னு சொல்றதுக்கு அவங்களுக்கே வழி தெரியும் டீச்சர். நாம வேற போயி டார்ச் அடிச்சிக் காட்டணுமா?"

மலையிலிருந்து ஓர் அழைப்பு

மழை விட்டு, மலையில் காற்று அடங்கும் மாலைகள் தொடங்கின. ஒரு ஞாயிறு பிற்பகல் பெஞ்சமின் அழைத்தார். நான் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டு அமுதாவை அருகில் வரச் சொன்னேன். முந்தின மாலை முதலில் தம்மிடமிருந்த வெளிநாட்டுச் சாம்பல் பூச்சியைத்தான் அவர் வீசியிருக்கிறார். மீன்கள் வந்து, பார்த்து, திரும்பிவிட்டன. இருட்டுவதற்குள் எங்களுடையதையும் ஒருமுறை வீசிவிடுவோம், கேட்டால் வீசினேன் என்று சொல்லலாமே என்று தூண்டிலில் மாட்டியிருக்கிறார். அவரே இதை ஒளிக்காமல் சொன்னார். நீரில் விழுந்ததும் மீன் கவ்வியது. அதை விட்டுவிட்டு மறுபடி வீசினார். மறுபடியும் கவ்வியது.

காரணம் விளங்கியபோது எனக்கே சிரிப்பு வந்தது. கரையில் நின்று பார்ப்பவருக்கு ஏரியின் உண்மைப் பூச்சி சாம்பல். நீருக்கு அடியிலிருந்து, பூச்சியின் ஊடாக வரும் மாலை ஒளியில் பார்க்கும் மீனுக்கு அது பச்சையாகத் தெரிந்திருக்க வேண்டும். பெஞ்சமின் தம் கண்ணுக்குத் தெரிந்ததைக் கேட்டார். நாங்களும் அதையே தேடி அலைந்தோம். மஞ்சள் வெயிலில் வெளுக்கும் என்பதையும், வெளுக்காத சாயம் கடையில் கிடைக்கும் என்பதையும் கடமை கருதி அவருக்குத் தெரிவித்தேன். அமுதா தலையில் கை வைத்துக்கொண்டார். மறுமுனையிலிருந்து பதில் உடனே வந்தது: "வேற சாயம் வேண்டவே வேண்டாம் ஆன்ட்டி, இதேதான் வேணும். வெளுத்தா வெளுக்கட்டும், அமுதாவை நிறுத்தாம கட்டி அனுப்பிட்டே இருக்கச் சொல்லுங்க. தண்ணிக்கடியில போடற மத்த பூச்சிங்களும் அவங்களே கட்டட்டும்."

திங்கட்கிழமை

செய்யூர்ப் பக்கத்தில் இப்போது சாம்பல் நிறக் குஞ்சுகளுக்குத் தனி மதிப்பு. உதிர்ந்த இறகுகளை அக்கம்பக்கத்தாரிடமும் திரட்டி, மஞ்சளில் ஊறவைத்து அனுப்புவது கன்னியம்மாளின் பொறுப்பு. எவ்வளவு நேரம் ஊறவைக்கிறார் என்று கேட்டேன். அது அம்மனுக்கும் தமக்கும் மட்டும் தெரிந்தது என்று கூறிவிட்டார். அந்தச் சேவல் புதிய கழுத்துடன் உலவுகிறது. அதைத் தொட ஒருவருக்கும் அனுமதி இல்லை, எனக்கும்தான்.

அமுதா அலுவலகத்தில் சொல்லிவிட்டு வேலையிலிருந்து நின்றார். முதல் திங்கட்கிழமை விடியலில் தெருமுனையில் வண்டி ஒலியெழுப்பியபோது பழக்கத்தால் எழுந்து, செருப்பைக்கூட மாட்டிவிட்டாராம். பிறகு நினைவு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மகளின் பாயருகே சுவரில் சாய்ந்து அமர்ந்திருக்கிறார். வெளிச்சம் வந்தது. குழந்தை கண் விழித்து, தாயைக் கண்டு, மகிழ்ச்சி அடைவதற்குப் பதிலாகப் பதறி எழுந்து உட்கார்ந்தாளாம். அன்று பகல் என் மேசையில் முதல் முள்ளை மாட்டும்போது, மகள் கேட்டதை அமுதா அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினார்: "இன்னாம்மா, வண்டிய வுட்டுட்டியா? அப்பாவ எழுப்பட்டா, பைக்ல கொண்டாந்து வுடச் சொல்றேன்."

மலையேரி மீன்களை ஒரே மாலையில் நம்பவைத்துவிட்ட எங்கள் தொழிலுக்கு, அம்மா இனி நாள்தோறும் வீட்டில்தான் இருப்பாள் என்று அந்தக் குழந்தையை நம்பவைக்கத் தீபாவளி வரை பிடித்தது.